மாடியில் ஒரு திறந்த கதவு

ரொக்வியேல்
ஜூன், ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் கபூவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நாய்க்கு ஒரு காதில் சீழ் வைத்து இப்போது ஆறிவிட்டது, பூமியின் அந்தக் கோடியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் உடனே சொல்லிவிடு, சுற்றி வளைக்காதே. நூமேயாவில் இப்போது குளிர்காலம் என்று எழுதியிருக்கிறாய், ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாய் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறாய், அது என்ன குளிர்காலமோ. உன் ஸ்கூட்டரின் பின் பிரேக்கை மாற்று என்று போன மாதமே சொன்னேன், அப்புறம் பார்க்கலாம் என்கிறாய், பிரேக் விஷயத்தில் அப்புறம் என்று ஒன்று கிடையாது, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போ. ஆப்ரிகாட் மரம் ஏப்ரல் பனியில் பூவெல்லாம் கருகி இந்த வருஷம் மொட்டையாக நிற்கிறது. அத்தை மிரேய் சமையலறைக்கு மறுபடி மஞ்சள் அடித்திருக்கிறாள், முட்டைக்கருவுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கிறது, அவளிடம் சொல்லாதே, நானே சொல்லிவிட்டேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நான் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன், அவள் ஒரு தடவை படித்தாள், மேஜையில் வைத்து அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தாள். ஒரு நிமிஷ வேலை அப்பா, நாலு பேர் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே கல்யாண ஹாலுக்குப் போனால் முடிந்தது, இதற்குப் போய் ஊரையே பகைத்துக்கொள்ள வேண்டுமா, வீம்புக்கும் ஒரு அளவு இல்லையா என்று கேட்டிருக்கிறாய். வீம்பு என்ற வார்த்தை அத்தையுடையது, அவள் உனக்கு ஃபோன் செய்தாள் என்று எனக்குத் தெரியும். நேராகச் சொல்கிறேன், நீ எழுதியது தப்பு. ஏன் தப்பு என்று இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படி, பொறுமை என்னிடம் இல்லாதது, உனக்காவது இருக்கட்டும்.

கல்யாணம் வேண்டும் என்று கேட்டவள் உன் அம்மா. எனக்கு இருபது வயதில் நீ பிறந்தாய், அதிலிருந்து இன்றுவரை கல்யாணம் என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை, இந்த நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள், யாரும் நம்மை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காஹோர் சாலையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம், நான் டிராக்டர்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் இருந்து, இவன் வழி விடறதுக்குள்ள கேட்டுடறேன், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா என்றாள். எதுக்கு இப்ப என்றேன். மூணு வருஷமா எல்லாத்தையும் என் உடம்பே முடிவு பண்ணுது, இதை நான் முடிவு பண்றேன் என்றாள். நான் சரி என்று சொல்லும்போது டிராக்டர் வயலுக்குள் திரும்பியது. அவ்வளவுதான் எங்கள் காதல் காட்சி. ஊரில் சிலர், பாவம், அவளுக்கு இப்படி ஆனதால்தான் ஒரேலியான் கட்டிக்கொள்கிறான் என்று பேசுகிறார்களாம், பேக்கரியில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள், அதற்கு உன் அம்மா, ஆமா, அவனுக்குக் கோபம்னு ஒரு வியாதி, தனியா விட மனசு வரல என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

நகராட்சிக் கட்டடம் உனக்குத் தெரியும். இந்த நாட்டில் மேயர் முன்னால் நடந்தால்தான் சட்டப்படி கல்யாணம், அந்தக் கல்யாண ஹால் மாடியில், போகும் வழி கோபுரத்துக்குள் சுழன்று ஏறும் அந்தக் கல்படி ஒன்றுதான். சின்ன வயதில் நீ அதில் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து கால்சட்டையைக் கிழித்துக்கொள்வாய். அந்தப் படி பாதுகாக்கப்பட்ட சின்னம், அதில் ஒரு ஆணி அடிக்கக்கூடப் பாரம்பரியக் கட்டட அதிகாரியிடம் கையெழுத்து வேண்டும். படிக்கும்போதே இந்த வேலைதான் என்று முடிவுசெய்து லிஃப்ட் பொருத்துகிறவன் நான், ஆஸ்பத்திரிக்குப் பொருத்தியிருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தியிருக்கிறேன், ஒரு பணக்காரரின் பாதாள அறையிலிருந்து ஒயின் பாட்டில்கள் ஏறி வருவதற்கென்றே ஒன்று பொருத்தியிருக்கிறேன், அந்த பாட்டில்கள் சௌகரியமாக ஏறி வருகின்றன. என் வீட்டுக்காரியால் தன் சொந்த ஊர் நகராட்சி மன்றத்தில் மாடி ஏற முடியாது. பின்பக்க முற்றத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மாதிரி, ஒரு லிஃப்டை மூன்று விதமாக வரைந்து கொடுத்தேன். கட்டடத்தின் குணத்தைக் கெடுக்கும் என்று மூன்றும் திரும்பி வந்தன. நம் மேயர் தெல்போஸ்க் கெட்டவர் இல்லை, நாற்பது வருஷம் மாட்டு வைத்தியம் பார்த்தவர், ஆனால் எதையும் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர். வியோலேன் கண்ணு, நம்ம ரக்பிப் பசங்க நாலு பேரை வரச் சொல்றேன், இறகு மாதிரி தூக்கிட்டுப் போயிடுவாங்க என்று அம்மாவிடம் சொன்னார். அதையே நீயும் எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷம் முன்பு அத்தை பேரனின் பெயர்சூட்டு விருந்து நடந்தபோது நீ இங்கே இல்லை. ஓட்டல் மாடியில் விருந்து. அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மச்சான்கள் சேர்ந்து நாற்காலியோடு தூக்கினார்கள், பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது, அவளுக்கு இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அதை இழுத்துவிட முடியவில்லை. மேலே போய் இறக்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள், கபூ. கை தட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். அன்று அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதனால் மேயரிடம், என்னைத் தூக்கினா கடிப்பேன், நீங்க மாட்டு டாக்டர், கடி பத்தி உங்களுக்கே தெரியும் என்றாள்.

இது பாரம்பரிய ஊர், இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் எல்லார் வாயிலும் ஒரே பாட்டு. சரி, நம் ஊரைவிடப் பழைய ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன, அவர்கள் தங்கள் படிகளை என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்த்துவிடுவோம், படம் எடுத்துக்கொண்டு வந்து மேயர் மேஜையில் போடுவோம் என்று முடிவு செய்தேன். வேனின் பின்பக்கம் நானே வெல்டிங் வைத்த சாய்தளம், உள்ளே மெத்தை, அளவுநாடா, மட்டப்பலகை, எல்லாம் ஏற்றிக்கொண்டு மே மாதம் விண்ணேற்றப் பண்டிகையான அசென்ஷன் விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பினோம். வியாழன் பண்டிகை, வெள்ளி பாலம், அதாவது இரண்டு விடுமுறையைச் சேர்க்க நடுவில் எடுக்கும் லீவு, அப்புறம் சனி ஞாயிறு, கம்பெனியில் எனக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்த நாட்கள் அவைதான். இதில் இருக்கும் முட்டாள்தனம் உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. எனக்கு எப்போது லீவோ அப்போது நாடு முழுக்க நகராட்சிகளுக்கும் லீவு. அம்மாவுக்குக் கிளம்பும்போதே தெரியுமாம். அப்ப ஏன் சொல்லல என்று கேட்டேன். சொன்னா நீ வண்டியைத் திருப்பியிருப்ப, எனக்கு ஊர் சுத்தணும்போல இருந்தது என்றாள்.

முதல் ஊர் மொன்பெய்ராக். ஓட்டல் அறைகள் எல்லாம் மாடியில், அதனால் சதுக்கத்தில் சந்தை மண்டபத்தை ஒட்டி பிளேன் மரத்தடியில் வேனை நிறுத்தி அதற்குள்ளேயே தூங்கினோம். வியாழன் காலை சந்தை, வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்தது, நான் பார்க்காமல் இல்லை. நாளைக்கு அசென்ஷன், சந்தை இருக்காது என்றேன். உறுதியா என்றாள். உறுதி என்றேன். காலையில் இரும்புக் கம்பி விழும் சத்தத்தில் கண் விழித்தால் எங்களைச் சுற்றி ஒரு சந்தை முளைத்திருக்கிறது. பின்னால் ஸ்ட்ராபெரிக்காரன் பெட்டிகளை அடுக்கியிருக்கிறான், சாய்தளத்தை இறக்க ஒரு முழம் இடம் இல்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் ஒரு அம்மாள் ஆட்டுப்பால் சீஸ் கடை போட்டுக்கொண்டிருக்கிறாள், கொலோம்ப் என்று பெயர், தலையில் சிவப்புத் துணி, என்னைப் பார்த்ததும், தம்பி, இது எங்க அம்மா காலத்திலேர்ந்து என் இடம், உன் வண்டி என் இடத்துல தூங்கியிருக்கு, வாடகை என்ன தர்ற என்றாள். இன்னிக்குப் பண்டிகையாச்சே என்றேன். பண்டிகைன்னா ஆடு பால் கறக்காதா என்றாள். நகராட்சிப் போலீஸ்காரர் ஒருவர் வந்து தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துவிட்டு, வண்டியை இழுத்துட்டுப் போகணும், ஆனா இழுக்கிறவர் பாலம் லீவுக்குக் கடற்கரை போயிட்டார், மத்தியானம் வரைக்கும் நீங்க இங்கதான் என்று சொல்லி ஒரு சீஸைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மாவால் இறங்க முடியாது, நான் இரண்டு கடைகளுக்கு நடுவில் நாயைப்போல் நுழைந்து வந்து போகிறேன், கோபம் மண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது கொலோம்ப் அம்மாவைப் பார்த்து, தங்கம், சும்மாத்தானே உக்காந்திருக்க, அந்தக் காகிதத்தை எடுத்து மடிச்சுக் கொடு, இன்னிக்கு என் வீட்டுக்காரன் வரல என்றாள். யாரும் அவளிடம் இப்படிக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது, கபூ. எல்லாரும் அவளுக்கு எடுத்துக் கொடுப்பார்கள், கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே எடைபோட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வேன் தளத்தின் உயரத்தில் நாற்காலி இருந்ததால் வருகிறவர்கள் நேருக்கு நேர் அவள் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள், குனியவில்லை, குழந்தையிடம் பேசும் குரல் இல்லை. ஒரு கிழவர் சீஸை அழுத்திப் பார்த்து, இது காய்ஞ்சு போயிருக்கே என்றார். ஒரு வாரம் அலமாரியில இருந்தா நீங்களும் நானும் இதைவிடக் காய்ஞ்சிருப்போம், எடுத்துக்கோங்க ஐயா என்றாள். அவர் இரண்டாக எடுத்துக்கொண்டார். சந்தை கலைந்ததும் இறங்கி மண்டபத்துக்குள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். எண்ணூறு வருஷத்துப் பழைய மண்டபம், ஓக் தூண்கள், நாலு பக்கமும் திறப்பு, தரை முழுக்க ஒரே மட்டமாகத் தேய்ந்த கல். அந்தப் பயணத்தில் நான் அளவுநாடாவை எடுக்காத ஒரே இடம் அதுதான். அவள் நடுவில் நின்று மேலே உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன பார்க்கிற என்றேன், ஒண்ணுமில்ல, இங்க காத்து நல்லா வருது என்றாள்.

வெள்ளிக்கிழமையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். போன ஊரிலெல்லாம் நகராட்சிக் கதவில் ஒரு காகிதம், விதிவிலக்காக இன்று விடுமுறை என்று. இந்த நாட்டில் விதிவிலக்கு என்பது வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது. நான் திருடனைப்போல் ஜன்னலில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தேன். ஒரு ஊரில், நம் கட்டடத்தைவிட இருநூறு வருஷம் மூத்த கட்டடம், முற்றத்தில் கண்ணாடி லிஃப்ட், சுத்தமான வேலை, கல்லைத் தொடாமல் தனிச் சட்டத்தில் நிற்கிறது, நான் வரைந்து கொடுத்த அதே முறை. வேலிக்கு வெளியில் நின்று படம் எடுத்தேன். முடியாது என்பது பொய் என்று சத்தமாகவே சொன்னேன். ஒரு லிஃப்டைக் கம்பி வழியா பாக்குறதுக்கு இவ்வளவு டீசலா என்றாள் அம்மா, ஆனால் அவளும் படத்தை இரண்டு தடவை பார்த்தாள்.

சனிக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை என்றால் எங்காவது கல்யாணம் இருக்கும், கல்யாணம் இருந்தால் நகராட்சி திறந்திருக்கும், கல்யாணம் முடியும்வரை ஹால் கதவு திறந்தே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், அது சட்டம். வல்பெல் என்ற ஊரில் ரிப்பன் கட்டிய கார்களைப் பார்த்து அவற்றின் பின்னாலேயே போனோம். அங்கேயும் ஹால் மாடியில், அங்கேயும் கல்படி. கூட்டம் மேலே ஏறியது. படிக்குக் கீழே ஒருவரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், மாப்பிள்ளையின் மாமாவாம், ஃபிர்மேன் என்று பெயர், சக்கர நாற்காலி, ஒரு கால் இல்லை, நல்ல கோட்டு, சட்டைப் பொத்தானில் வெள்ளைப் பூ. அம்மா பக்கத்தில் போய், நீங்க மேல போகலையா மாமா என்றாள். பரவால்லம்மா, கதவு திறந்துதான் இருக்கு, கேக்கும் என்றார். கேக்குதா என்றாள். அவர் கொஞ்சம் காது கொடுத்துவிட்டு, இல்ல, கை தட்டினா முடிஞ்சதுன்னு தெரிஞ்சுக்குவேன் என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்ய முடியும், படியின் வளைவில் போய் நின்றுகொண்டேன், மேலே நடப்பதைக் கீழே சொன்னேன். யாரென்றே தெரியாதவர்களின் கல்யாணத்துக்கு உன் அப்பன் வர்ணனையாளன். இப்ப மேயரம்மா சட்டம் படிக்கிறாங்க, மரியாதை, விசுவாசம், உதவி, துணை. இப்ப பையன்கிட்ட கேக்குறாங்க. சம்மதம்னுட்டான். பொண்ணுகிட்ட கேக்குறாங்க. சிரிக்குது. சம்மதம்னுடுச்சு. கீழே ஃபிர்மேன் மூக்கைச் சிந்தும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு எல்லாரும் இறங்கி வந்தார்கள், பூவிதழ் தூவினார்கள், படம் எடுப்பவன் வாசலில் நின்று, அந்த நாற்காலியைக் கொஞ்சம் ஓரமா என்று கையைக் காட்டினான், இரண்டு பையன்கள் வந்து ஃபிர்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்காலியோடு தூக்கிச் சுவரோரமாக வைத்தார்கள். ஃபிர்மேன் அவர்களைப் பார்த்து நன்றி என்றார். வேன் அந்த ஊரைத் தாண்டியதும் அம்மா, நன்றின்னு சொன்னார், கேட்டியா என்றாள். கேட்டேன் என்றேன். நான் சொல்ல மாட்டேன் என்றாள். இதுதான் கபூ, நீ வீம்பு என்று எழுதியது.

ஊர் திரும்பி, செவ்வாய்க்கிழமை நம் மேயரைப் பார்க்கப் போனோம், கீழ்த்தளத்து அலுவலகத்தில். நான் கண்ணாடி லிஃப்ட் படங்களை மேஜையில் பரப்பி, சட்டத்தின் எடை, அஸ்திவாரம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா, படத்தை உள்ள வை என்றாள். அப்புறம் மேயரிடம், ஐயா, கல்யாணத்தப்ப ஹால் கதவை ஏன் திறந்து வெக்கறீங்க என்று கேட்டாள். யார் வேணாலும் வரலாம்ங்கறதுக்குத்தான்மா. நான் வரலாமா. தாராளமா. எப்படி. அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அப்ப அது திறந்த கதவு இல்ல ஐயா, மாடியில இருக்கற கதவு என்றாள். அவர் பாவம் வியர்த்துப்போய், ரக்பி மைதானத்துக்குப் பின்னால விழா ஹால் இருக்கே, ஒரே மட்டம், சட்டப்படி மன்றத்துக்குச் சொந்தமான வேற கட்டடத்துலயும் கல்யாணம் வெக்கலாம், நான் எழுத்து வேலையைப் பார்த்துக்கறேன் என்றார். பழைய பாட்டில் போடுற தொட்டி பக்கத்துலயா, இந்த ஊர்ல கல்யாணம் பண்ணின அத்தனை பேரும் சதுக்கத்துல கால் வெச்சாங்க, எனக்கு மட்டும் குப்பைத்தொட்டியா என்றாள். கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள், நம் சந்தை மண்டபம், நீ சைக்கிள் பழகிய இடம், அதுவும் மன்றத்துச் சொத்துதான். மேயர் சிரித்துவிட்டார். அதுல கதவே இல்லையேம்மா என்றார். தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் அந்த மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தை மண்டபத்தில் கல்யாணம் வைக்கலாமா என்று மன்றத்தில் ஓட்டு எடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் புறாக்கள் குடியரசின் மரியாதையைக் கெடுக்கும் என்று எதிர்த்தார், உத்திரத்தில் வலை கட்டுவது என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் இல்லை என்று பதில் போட்டார், கொடி இருக்க வேண்டும், பதிவேடு இருக்க வேண்டும், சடங்கு கண்ணியமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். லிஃப்டை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே, நாலாவது வரைபடம் போய்ச் சேர்ந்தாயிற்று, அடுத்து வருகிறவளுக்கு மண்டபம் பிடிக்காமல் போகலாம், மழை பெய்யலாம். ஆனால் மேயருக்கு இன்னொரு கவலை இருந்தது. மரியான் இல்லாம நான் ஒரு கல்யாணமும் பண்ணி வெச்சதில்ல, அவ எனக்குப் பின்னால நிக்கணும், இல்லைன்னா எனக்கு வார்த்தை வராது என்றார். மரியானை உனக்கு நினைவிருக்கும், மாடி ஹாலில் கணப்புக்கு மேல் இருக்கும் குடியரசுத் தாயின் தலைச்சிலை, முழுக்கச் சலவைக்கல், வைத்த நாளிலிருந்து இறங்கியதே இல்லை. போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். மேயர் அம்மாவைத் தூக்க வரச் சொல்வதாக இருந்தாரே, அதே ரக்பிப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். லிஃப்ட் மோட்டாரை இறக்கும் பட்டைகளை நான் கொண்டுபோய் அந்தச் சிலையில் கட்டினேன். மேயர் பின்னோக்கி இறங்கி வழி காட்டிக்கொண்டே, மெதுவா, மூக்கு, மூக்கு ஜாக்கிரதை என்று கத்திக்கொண்டு வருகிறார், ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்குகிறார்கள், ஒருவன் விரல் நசுங்கி அவன் சொன்ன வார்த்தையை உனக்கு எழுத முடியாது. படிக்குக் கீழே அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வளைவு திரும்பியதும், ஐயா, ஒரு நிமிஷம், தூக்கறதுக்கு முன்னால அவளைக் கேட்டீங்களா என்றாள். பையன்கள் சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை. பட்டையைப் பிடித்த கையோடு நின்று அம்மாவைப் பார்த்து, இல்ல வியோலேன், கேக்கல என்றார். பிறகு சிலையை இறக்கி, சதுக்கத்தைத் தாண்டி மண்டபத்துக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார்கள். மேயர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னால் நின்று, நாற்காலியைத் தொடாமல், நீ எந்தப் பக்கம் இருக்கப்போற, சொல்லு, அதுக்குத் தகுந்தாப்போல மேஜையைப் போடறேன் என்று கேட்டார். அம்மா கோப்பையை என் கையில் கொடுத்தாள், சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள், தூண்களுக்கு நடுவே வெயில் விழும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போய்த் திரும்பி, பிரேக்கைப் போட்டு, இங்க என்றாள்.

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானம். நீ அம்மாவின் சாட்சி, கேட்கவில்லை, சொல்கிறேன், இல்லை, கேட்கிறேன், இந்த வீட்டில் இனி கேட்டுத்தான் செய்வது என்று ஆகிவிட்டது. வருகிறாயா. வருவாயானால் உன் அடையாள அட்டையின் நகலை உடனே அனுப்பு, சாட்சியின் பெயரை அவர்கள் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சதுக்கத்துக் கல்லுக்கு ஏற்ற செருப்பு போட்டுக்கொண்டு வா. விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிப்பிடிப்பாய், அது சரி, நாற்காலியின் கைப்பிடியை மட்டும் கேட்காமல் பிடிக்காதே. யாராவது கை தட்ட ஆரம்பித்தால், கல்யாணத்துக்காகத் தட்டினால் தட்டட்டும், வேறு எதற்காவது என்றால் நீயும் நானும் பார்த்துக்கொள்வோம்.

உன் பிரேக் பிடிக்கட்டும், உன் வேலை உன் கையில் நிற்கட்டும், நீ நுழைய நினைக்கும் கதவெல்லாம் தரை மட்டத்தில் இருக்கட்டும். பக்கத்தில் இருந்து அம்மா முத்தம் சொல்லச் சொல்கிறாள், உன் கடிதத்தின்மேல் இருந்த கோப்பையை எடுத்துவிட்டாளாம், கறை போகவில்லையாம்.

உன் அப்பா,
செப்டம்பர்வரை கல்யாணமாகாத
ஒரேலியான்